கொற்கைத் துறையும் குலசேகரன்பட்டின நிலையமும்

கலம் வந்து நிற்கும் இடம் துறை. வண்டி வந்து நிற்கும் இடம் நிலையம். கலம் வாராதொழிந்தால் துறை ஏது? வண்டி வாராதொழிந்தால் நிலையம் ஏது? பெயர் மட்டும் சில காலம் எஞ்சி நிற்கும். பின்னர் அப்பெயரின் பொருளும் மறைந்துபோம். நம் பொருநை நாட்டில் இவ்விரண்டிற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஒன்று, பாண்டியரின் முத்துத் துறையாய் விளங்கிய கொற்கை. மற்றொன்று, 1940ஆம் ஆண்டோடு ஓட்டம் நின்ற குலசேகரன்பட்டினத்துச் சிற்றிருப்புப் பாதையின் நிலையம். முன்னதை ஆராய்ந்து நூல் எழுதிய பெரியோர் உளர். பின்னதைக் கண்ணாற் கண்டவரோ இன்று மிகச் சிலரே. அது நின்று எண்பது ஆண்டிற்கு மேலாயிற்று.

முன்னதை ஆராய்ந்த நெறியைப் பின்னதற்குப் பொருத்திக் காட்டி, தம் ஊரின் பழைய நிலையம் ஒன்றன் வரலாற்றை எழுத விரும்பும் மாணவ நண்பர்க்கு வழி கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் இத்துறையில் வல்லுநர் அல்லோம். முயன்ற அளவிற் கற்றதையும், பிழைத்த இடத்தில் உணர்ந்ததையும் ஒளியாது கூறுவோம்.

1. துறை மறைந்த வகை

கொற்கைக்கு இன்று செல்வார் அங்கே கடலைக் காணார். நெல்வயலும் வாழைத் தோட்டமும் பெரிய குளமும் பழைய வன்னி மரமுமே காண்பர். கடல் அவ்வூரினின்றும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் கிழக்கே விலகிக் கிடக்கின்றது. எனினும், கி. பி. முதல் நூற்றாண்டில் எழுந்த செங்கடற் பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல் இதனைக் கொல்கி என்று குறித்து, இங்கே தண்டனை பெற்றோரைக் கொண்டு முத்துக் குளிப்பித்த செய்தியையும் கூறுகின்றது. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமியும் இவ்வூரைச் சொல்லியுள்ளார். அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கை முத்தின் பெருமையை அறியும். ஊரிலுள்ள அக்கசாலை ஈசுவரமுடையார் கோயிலின் பெயரோ, பொன்வேலையும் நாணயம் அடித்தலும் நிகழ்ந்த இடம் என்னும் பொருளைத் தன்னுள் அடக்கி நிற்கின்றது.

இத்தகைய துறை எங்ஙனம் மறைந்தது? பகைவர் எரித்தனரா? கடல் பொங்கி விழுங்கியதா? இரண்டும் அன்று. தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டலே மெல்ல மெல்லக் கடலைத் தள்ளிற்று. கலங்கள் கரைக்கு வர இயலாதாயின. வணிகர் ஆற்றின் முகத்தை நோக்கி இறங்கிக் காயலுக்குச் சென்றனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அக்காயலையே. காலப்போக்கில் அதுவும் தூர்ந்தது. பின்னர்ப் புன்னைக்காயலும், அதன் பின்னர்த் தூத்துக்குடியும் தலையெடுத்தன.

இஃது ஒரு வகை மறைவு. வேறொரு வகையும் உண்டு. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், இலங்கைக்குச் செல்வார் புகைவண்டியில் தனுஷ்கோடி வரை சென்று, அங்கே கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அந்நிலையமும் ஊரும், வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியும் அழிந்தன. ஓர் இரவில் அழிந்ததை உலகமெல்லாம் அறியும், செய்தித்தாள் எழுதும், பின்வருவோரும் சென்று காண்பர். சிறிது சிறிதாகத் தூர்ந்ததற்கோ நாளும் இல்லை, அழுவாரும் இல்லை. ஆகலின் வரலாறு எழுதுவோன் மிகுதியும் நாடவேண்டியது இவ்விரண்டாவதையே என்பது எம் கருத்து.

2. கால்டுவெல் அத்தியட்சர் காட்டிய நெறி

கொற்கையின் வரலாற்றை முறையாக ஆராய்ந்து வெளியிட்டவருள் முதல்வராகக் கொள்ளத் தக்கவர் கால்டுவெல் அத்தியட்சர். 1814இல் அயர்லாந்தில் பிறந்து, 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் பெரும்பாலும் கால்நடையாகவே பயணஞ்செய்து இடையன்குடியை அடைந்தவர் அவர். ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது; அதனை யாவரும் அறிவர். 1877இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் ஆராய்ச்சி இதழில் கொற்கை, காயல் ஆய்வு பற்றி அவர் வரைந்ததையும், 1881இல் சென்னை அரசாங்க அச்சகத்தில் வெளியான திருநெல்வேலி மாவட்ட வரலாற்றையும் அறிவார் சிலரே.

அவர் கையாண்ட நெறியை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, பெயராய்வு. கிரேக்கர் எழுதிய கொல்கி என்னும் பெயரையும் நம்மவர் வழங்கும் கொற்கை என்னும் பெயரையும் ஒலிநூல் வழியே ஒப்பிட்டு இரண்டும் ஒன்றெனக் கண்டார். இரண்டாவது, நேரிற் சென்று காண்டல். காயலைச் சூழ்ந்த நிலத்தில் நெடுந்தூரம் சிதறிக் கிடந்த ஓடுகளையும் பானைச் சில்லுகளையும் கண்டு, அவற்றிடையே சீனப் பீங்கான் துண்டுகளையும் தேர்ந்தெடுத்தார். மூன்றாவது, அகழ்ந்து நோக்கல். மேலே ஆற்று வண்டலும் கீழே கடலின் சிப்பியும் மணலும் இருத்தலைக் கொண்டு, வயலாய்க் கிடக்கும் இடம் முன்பு கடற்கரையே என்று தெளிந்தார். நான்காவது, தாம் அறிந்ததைப் பிறர்க்கு வழங்குதல். மார்க்கோ போலோவின் நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்த யூல் என்பார்க்குக் காயலைப் பற்றிய செய்திகளை எழுதி உதவியவர் இவரே.

இங்கே ஓர் உண்மையை நண்பர்கள் கருதவேண்டும். அவர் 1881இல் நூல் வெளியிட்டபோது பத்துப்பாட்டு அச்சேறவில்லை, உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தது 1889இல். சிலப்பதிகாரம் அவர் பதிப்பாக வந்தது 1892இல். அதற்கு முந்திய ஆண்டே கால்டுவெல் கொடைக்கானலில் காலமானார். கொற்கையைப் பாடிய சங்க நூல்கள் நம் கையில் இருப்பதுபோல் அவர் கையில் இல்லை. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1968-69இல் கொற்கையில் அகழ்ந்து கண்ட கரித்துண்டு, கதிரியக்கக் கரிமக் கணக்கின்படி கி. மு. 8ஆம் நூற்றாண்டினது என்று முடிவு செய்யப்பட்டது. இம்முறை கால்டுவெல் காலத்தில் உலகிலேயே இல்லை.

அவ்வாறாயின் அவர் பொறுத்திருந்திருக்க வேண்டுமோ? எல்லாச் சான்றும் வந்த பின்னரே எழுதுவேன் என்று இருந்திருப்பின், கொற்கை எது என்பதே நெடுநாள் ஐயத்திற்கு இடமாய் இருந்திருக்கும். அவர் எழுதி வைத்தமையாலன்றோ பின்வந்தோர் திருத்தவும் கூட்டவும் இயன்றது? அச்சில் நிற்கும் குறைநூல், எழுதாது மனத்தில் நிற்கும் நிறைநூலினும் உலகிற்குப் பயன் தரும். இது கொற்கையால் யாம் கற்ற முதற்பாடம்.

3. சிற்றிருப்புப் பாதை

நிற்க. இனிக் குலசேகரன்பட்டினத்திற்கு வருவோம். திருச்செந்தூர்க்குத் தெற்கே செம்மணல் தேரியும் பனங்காடும் பரந்து கிடக்கும் நிலத்தில், பதனீரும் கருப்பட்டியுமே மக்களின் வாழ்வு. அக்கருப்பட்டியைச் சர்க்கரையாக்கும் ஆலையைப் பாரி கம்பெனியைச் சார்ந்தோர் குலசேகரன்பட்டினத்தில் நடத்தினர். அவ்வாலையை ஒட்டி எழுந்ததே இச்சிற்றிருப்புப் பாதை. முதல் உலகப் போரை அடுத்த காலத்தில் தோன்றி, திருச்செந்தூர்க்கும் திசையன்விளைக்கும் இடையே உடன்குடி வழியாக ஓடியது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 2 அடியே. மாட்டு வண்டியின் சக்கர அகலத்தினும் குறுகிய பாதை அது! சரக்கோடு மக்களும் அதில் ஏறிச் சென்றனர். அதன் தென்கோடியாகிய திசையன்விளையினின்று இடையன்குடி நெடுந்தொலைவன்று. அத்தியட்சர் காலத்தில் அவ்வண்டி இருந்திருப்பின் எத்தனை நாள் நடை அவர்க்கு மிஞ்சியிருக்கும்!

இத்தகைய பாதையின் நிலையத்தை ஆராயப் புகுவோன் முதலில் வினாக்களை வகுத்துக்கொள்ளல் வேண்டும். யார் பொருளில், எதன் பொருட்டு, எப்போது திறக்கப்பட்டது? என்ன ஏறிற்று, என்ன இறங்கிற்று? யார் அங்கே வேலை பார்த்தனர்? யார் அதனால் வாழ்ந்தனர், யார் அதனால் பிழைப்பிழந்தனர்? ஏன் நின்றது? நின்ற பின் அந்நிலமும் கட்டடமும் ஆட்களும் என்ன ஆயினர்? இவ்வினாக்கள் இன்றி ஊருக்குச் செல்வோன், அறுவடைக்கு அரிவாளின்றிச் சென்றவனே.

அடுத்து, நடந்து காணல். இருப்புப் பாதை, மாட்டு வண்டித் தடம்போல் நினைத்தபடி வளையாது. ஏற்ற இறக்கத்தையும் பொறாது. ஆகலின் தண்டவாளம் போன பின்னும் மேடும் வெட்டும் எஞ்சும். ஓடையைக் கடந்த இடத்தில் சிறுபாலத்தின் கற்கள் நிற்கும். எஞ்சினுக்கு நீர் வேண்டுமாதலின் நிலையத்தருகே கிணறு ஒன்றும் இருத்தல் இயல்பு. பழந்தண்டவாளம் வேலிக்காலாகவும் வீட்டு உத்திரமாகவும் மாறிப் பயன்படுவதும் உண்டு. கொற்கையில் சிப்பி எவ்வாறு கடலைக் காட்டிற்றோ, அவ்வாறே இவையும் வண்டியைக் காட்டும்.

மூன்றாவது, ஏடுகள். நில அளவைத் துறையின் புல வரைபடத்தை எடுத்து நோக்குக. வயல்கள் சதுரமும் கோணலுமாய்க் கிடக்க, அவற்றை ஊடறுத்து நீண்டு குறுகிய துண்டு ஒன்று ஓடுமாயின், அது வாய்க்காலோ சாலையோ பழைய இருப்புப் பாதையோ என்று வினவுக. பேட் துரை தொகுத்து 1917இல் வெளியான திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடி அக்காலத்துத் தொழிலையும் போக்குவரத்தையும் அறியத் தலைமையான துணை. இருப்புப் பாதை வாரியத்தார் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளும், சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகமும் பிற வாயில்கள். நம் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் மறத்தல் கூடாது. அவற்றில் தந்தையின் தொழில் எழுதப்படும் வழக்கம் உண்டு. நிலைய அதிகாரி என்றும், வண்டி ஓட்டி என்றும், கூலி என்றும் காணும் ஒரு சொல், அறிக்கையில் காணாத குடும்பத்தை நம் கண்முன் நிறுத்தும்.

ஏன் நின்றது என்னும் வினாவிற்கு விடை தேடுங்கால் விரைதல் ஆகாது. 1923இல் திருநெல்வேலியினின்று திருச்செந்தூர்க்குப் பெரிய பாதை வந்தது. மோட்டார் பேருந்துகள் நாடெங்கும் பெருகின. கரும்புச் சர்க்கரை சந்தையில் மலிந்தது. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இவற்றுள் ஒன்றனை மட்டும் பற்றிக்கொண்டு இதுவே காரணம் என்று எழுதுவோன், கொற்கையைக் கடல் ஒரு நாளில் விழுங்கிற்று என்பானை ஒப்பான். ஒவ்வொன்றும் ஒரு பிடி வண்டல். எது எவ்வளவு தள்ளிற்று என்பதைக் கணக்குப் புத்தகமும் அறிக்கையும் கொண்டே நிறுக்கவேண்டும்.

4. கேட்டலும் எம் பிழையும்

நான்காவதாகிய கேட்டலே எல்லாவற்றினும் அருமையுடையது. தாம் கண்டவர் அல்லராயினும், தொடக்கமுதல் கண்ணாரக் கண்டவர்களைத் தேடித் திட்டமாய் விசாரித்து, ஒழுங்காய் எழுதப் புகுந்ததாகத் தம் சுவிசேஷத்தின் முகப்பிலே கூறியவர் பரிசுத்த லூக்கா. வரலாறு எழுதுவோர்க்கு அம்முகப்பினும் சிறந்த இலக்கணம் வேண்டா.

முதியோரிடம் ஆண்டைக் கேட்டல் பயனற்றது, நிகழ்ச்சியைக் கேட்க. “எந்த ஆண்டு வண்டி நின்றது?” என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வர். “வண்டி நின்றபோது தாங்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியாயிற்றா? ஆகஸ்டுப் போராட்டத்திற்கு முன்னா, பின்னா?” என்றால் நினைவு தன் படிகளில் தானே இறங்கும். விடையை நம் வாயால் எடுத்துக் கொடுத்தல் ஆகாது. சொல்லியவற்றை எழுதுங்கால் ஏட்டை இரண்டாகக் கோடிட்டு, தாம் கண்டவை ஒருபுறமும் பிறர் சொல்லக் கேட்டவை மறுபுறமும் வரைக.

இம்முறையெல்லாம் அறிந்தும் யாம் பிழைத்தோம். சிறு பிள்ளையாய் அவ்வண்டியைக் கண்டவர் என்று ஒரு முதியவரைப் பற்றி நண்பர் ஒருவர் வாயிலாக அறிந்து, வருவதாகச் சொல்லியும் அனுப்பியிருந்தோம். பருவத் தேர்வு நெருங்கியது. முடிந்த பின் போவோம் என்று இருந்துவிட்டோம். யாம் சென்ற அன்று அவரை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் மகளார் எம்மை உள்ளே அழைத்து, கருப்பட்டிக் காப்பி தந்து, “இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், தம்பி, கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று யாரிடமும் சொல்லாத நாளில்லை” என்றார்கள். எமக்கு விடை சொல்ல வாய் எழவில்லை.

பின்னர் அவ்வம்மையாரே தந்தை சொன்னவற்றுள் நினைவிருந்ததைக் கூறினார்கள். தந்தையார் தம் தகப்பனார் தோளில் அமர்ந்து வண்டி பார்த்ததும், எஞ்சின் புகை கண்டு அழுததும், வண்டி நின்ற பின் ஊர்ப் பிள்ளைகள் பாதையில் ஓடி விளையாடியதும் அவற்றுட் சில. அவ்வண்டியிலேயே ஏறித் திருநெல்வேலிக்குத் தேர் பார்க்கப் போனார்கள் என்றும் ஒன்று கூறினார்கள். இது பொருந்தாது. 2 அடிப் பாதையின் வண்டி, மீட்டர் அளவினதாய் அமைந்திருந்த திருநெல்வேலிப் பாதையில் ஓட வழியில்லை. திருச்செந்தூரில் இறங்கி மாறியே சென்றிருத்தல் வேண்டும். இரண்டு வண்டியும் ஒருவர் நினைவில் ஒன்றாயின. முதியவர் இருந்திருப்பின் ஒரு வினாவில் இது தெளிந்திருக்கும். எம் ஏட்டில் இச்செய்திகளெல்லாம் ‘கேட்டவை’ என்னும் பகுதியிலேயே நிற்கின்றன. ‘கண்டவை’ என்னும் பகுதி வெற்றிடமாய்க் கிடக்கின்றது. அவ்வெற்றிடத்தை யாம் நிரப்பப் போவதில்லை. அஃது எம் தாமதத்தின் சாட்சியாய் அப்படியே இருக்க.

5. அச்சிடுங்கால் கருதற்பாலன

திரட்டியதை நூலாக்குங்கால் வேகமும் வேண்டும், அச்சமும் வேண்டும். வேகம் வேண்டும் என்பதை மேலே காட்டினோம். அச்சம் வேண்டும் என்பதற்கும் கால்டுவெல் அத்தியட்சரே சான்று. 1849இல், வயதிலும் நாட்டறிவிலும் முதிராத காலத்தே, தாம் ஊழியஞ் செய்த மக்கட் குலத்தாரின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர்களைப் பற்றி அதிற் கூறிய இழிவான கூற்றுகள் அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தின. அவர்தம் பிள்ளைகள் கல்வியில் உயர்ந்து அந்நூலைத் தாமே படிக்கலானபோது எதிர்ப்பு வலுத்தது. மாபெரும் அறிஞரும் அருளாளருமாகிய ஒருவர்க்கே இது நேர்ந்ததாயின், நம்மனோர் எத்துணை விழிப்பாய் இருத்தல் வேண்டும்! யாரைப் பற்றி எழுதுகின்றோமோ அவர் நம் நூலைப் படிப்பார் என்று எண்ணியே எழுதுக. எண்ணி எழுதின் உண்மை குறையாது; செருக்குக் குறையும்.

ஆதலால் அச்சிற்கு முன் கைப்பிரதியைச் செய்தி தந்தோரிடம் படித்துக் காட்டுக. அவர் பெயரை வெளியிட இசைவு பெறுக, இசையாரேல் விடுக. உறுதியானது இது, கருதத்தக்கது இது, ஊரார் கூற்று இது என்று பகுத்து எழுதுக. பாதையின் வரைபடம் ஒன்று இன்றியமையாதது. நூல் 40 பக்கத்தினதாயினும் ஆகுக; தலைப்பில் ஆண்டும் ஆசிரியர் பெயரும் அச்சகத்தின் பெயரும் நிற்க. முதற்படிகள் செய்தி தந்த குடும்பங்களுக்கு உரியன. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கும் பிற உரிய நூலகங்களுக்கும் படி அனுப்புதல் வெளியிடுவோர் கடமை. ஊர்ப்பள்ளிக்கு ஒன்றும் நம் கல்லூரி நூலகத்திற்கு ஒன்றும் மறவாது தருக. இறுதியில் இரண்டு பக்கங்களை வெறுமையாக விடுதல் நன்று. திருத்த வருவோன் வருவான்.

6. முடிவுரை

இப்பணியை நாளைக்கு என்று ஒதுக்கல் ஆகாமைக்குக் காரணம் இரண்டுண்டு. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் பொருநை பெருகியபோது, திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோயிற்று. பாதை அரிக்கப்பட்டது; நூற்றுக்கணக்கான பயணிகள் நீர் சூழத் தங்கினர்; அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தாமும் வெள்ளத்தில் இருந்துகொண்டே அவர்களுக்குச் சோறு ஆக்கியளித்தனர். அவர்கள் இன்று நம்மோடு வாழ்கின்றனர். ‘கண்டவை’ என்னும் பகுதியை அவர்களைக் கொண்டு இன்றே நிரப்பலாம். எழுபது ஆண்டு கழித்து அவர் பேரர் வாய்வழி ‘கேட்டவை’ எழுத வேண்டுவதில்லை.

மற்றொன்று: 2024 பிப்ரவரி 28ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் விண்கல ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கருப்பட்டி ஏற்றிய 2 அடி வண்டி ஓடிய நாட்டினின்று விண்ணிற்குக் கலங்கள் புறப்படவிருக்கின்றன. மகிழத்தக்கதே. ஆயினும் நிலமும் வழியும் ஊரமைப்பும் மாறுங்கால் பழைய மேடும் சிறுபாலமும் நிற்கும் என்று நம்புவதற்கில்லை.

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர், ஆற்றின் நடுவினின்று பன்னிரண்டு கற்களை எடுத்துக் கரையில் நாட்டினர் என்று யோசுவாவின் நூல் கூறும். பின்னாளிற் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு அவை என்ன என்று கேட்பர். அப்போது தந்தையர் சொல்வர் என்பதே நோக்கம். கல் நம் நாட்டிலும் கிடக்கின்றது. கேட்கும் பிள்ளைகள் நாமே. சொல்லும் தந்தையர் இன்னும் சிலர் திண்ணைகளில் நம்மை எதிர்நோக்கி அமர்ந்திருக்கின்றனர். வருகின்ற விடுமுறையில் நண்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு திண்ணைக்கேனும் செல்வாராக.